பழைய பாய்மரப் படகு வாங்குகிறீர்களா? முதலில் அதில் படுத்துப் பாருங்கள்

நான் முதலில் வாங்கிய பாய்மரப் படகு 34 அடி நீளம். கேபினுக்குள் இறங்கியதுமே மனம் அதில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் பூசி மினுங்கிய தேக்குப் பலகைகள், பித்தளை விளக்கு, இருக்கைக்கு மேலே அளவெடுத்துச் செய்த புத்தக அலமாரி. வாங்கிய மூன்றாம் வாரம் நல்ல மழை. நள்ளிரவில் அந்த அலமாரிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வழிந்து தலையணை நனைந்தது. விடிந்ததும் அலமாரியைக் கழற்றினேன். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கிற எஃகுத் தகடு அதற்குப் பின்னால்தான் இருந்தது. தகடு பொருத்தியிருந்த ஒட்டுப்பலகையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தப் பருவமே போய்விட்டது.

நெடும்பயணப் படகில் குடியிருக்கும் இடமும் படகின் எலும்புக்கூடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மெத்தைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், படிக்கட்டுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும், சாப்பாட்டு மேசையின் காலருகே, படகின் அடியில் துடுப்புபோல இறங்கி நிற்கும் கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இருக்கும். ஆகவே கேபினை இரண்டு முறை பார்க்க வேண்டும்: ஒரு முறை அங்கே வாழப்போகிறவராக, இன்னொரு முறை ஒவ்வொரு பலகையையும் தூக்கிப் பார்ப்பவராக. 30 முதல் 40 அடி வரையிலான பைபர்கிளாஸ் படகை முதன்முறையாகத் தேடுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் பயணத்தை முடிவுசெய்யுங்கள்

எத்தனை பேர், எவ்வளவு நாள், எந்தக் கடல்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் கிளம்பினால் பார்க்கும் படகெல்லாம் பிடித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் புதுப் படகுகளுக்கு ஏ, பி, சி, டி என்ற வடிவமைப்புப் பிரிவு கட்டாயம். சி பிரிவு என்றால் காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6 வரையிலான காற்றும் 2 மீட்டர் வரையிலான அலையும் தாங்கும்படி வடிவமைத்தது. பி என்றால் 8, 4 மீட்டர். ஏ அதற்கும் மேலே. இதைச் சொல்லும் தகடு படகில் எங்காவது பதிக்கப்பட்டிருக்கும். படகு பிறந்தபோது எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். இருபது ஆண்டு உழைத்த பிறகு எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்தாக வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். குடிக்க, சமைக்க, துடைத்துக்கொள்ள என்று சிக்கனமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் வைத்தால், 200 லிட்டர் தொட்டி இருவருக்குப் பன்னிரண்டு நாள் வரும். நால்வருக்கு ஆறே நாள்தான்.

விளம்பரத்தைப் படிக்கும் விதம்

“எட்டுப் பேர் உறங்கலாம்” என்று போட்டிருப்பார்கள். சாப்பாட்டு மேசையை இறக்கி, அதன்மேல் மெத்தை விரித்துச் செய்கிற படுக்கையையும் அதில் சேர்த்தே எண்ணியிருப்பார்கள். அந்த எண்ணைப் பாதியாக்குங்கள். அத்தனை பேர்தான் வாரக்கணக்கில் முகம் கோணாமல் சேர்ந்து வாழ முடியும் என்பது என் அனுபவம். படங்களை அகலக் கோண லென்ஸில் எடுத்திருந்தால் முழங்கால் இடிக்கிற கேபினும் கல்யாணக் கூடம்போலத் தெரியும்.

நேரில் போகும் முன் விற்பவரிடம் சில படங்களைக் கேளுங்கள்: எஞ்சினின் அடிப்பகுதி, தரைப்பலகைக்குக் கீழே உள்ள பில்ஜ் என்கிற அடிக்குழி, மின் பலகையின் பின்புறம், பாய்மரத்தின் அடி, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே உள்ள வால்வு. தன் படகைத் தெரிந்துவைத்திருப்பவர் ஓரிரு நாளில் எடுத்து அனுப்பிவிடுவார். இழுத்தடிப்பவரின் படகைப் பார்க்க வெகுதூரம் பயணம் போகாதீர்கள். பாய்மரக் கம்பிகளை எந்த ஆண்டு மாற்றினார், படகு எப்போதாவது தரைதட்டியதா என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

கேபினுக்குள்: மூக்கு, முதுகு, முழங்கால்

நேரில் போவதற்கு முதல்நாளே விற்பவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவையுங்கள்: கேபினை மூடியே வைத்திருக்க வேண்டும், எஞ்சினை ஓட்டிச் சூடாக்கக் கூடாது. மூடிக் கிடந்த கேபினைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் முதல் காற்று சொல்வதை அதற்குப் பிறகு எந்தக் கருவியும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பூஞ்சை வாசனை வந்தால் எங்கோ ஒழுகுகிறது. டீசல் வாசனை வந்தால் தொட்டியிலோ குழாயிலோ கசிவு. நறுமணத் திரவியம் தூக்கலாக அடித்தால், அது எதை மூடிவைத்திருக்கிறது என்று தேடுங்கள்.

பிறகு படுத்துப் பாருங்கள், ஒவ்வொரு படுக்கையிலும் பத்து நிமிடமாவது. காலணியைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, புரண்டு, எழுந்து உட்கார்ந்து பாருங்கள். படுக்கை 1.95 மீட்டர் நீளம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். படகின் முன்முனையான அணியத்தில் முக்கோணமாக இருக்கும் படுக்கைதான் விளம்பரப் படங்களில் அழகாக வரும். அங்கே கால்மாட்டில் இடம் குறுகிவிடும், இருவரின் பாதங்களும் ஒன்றை ஒன்று உதைத்துக்கொள்ளும். துறையில் நிற்கும்போது அது நல்ல படுக்கைதான். அலையில் ஓடும்போது அணியம்தான் மிக உயரமாக ஏறி இறங்கும். அங்கே உறங்குவது முடியாத காரியம். பின்பக்கத்து அறையின் படுக்கை அகலமாக இருக்கும், ஆனால் பல படகுகளில் அதன்மேல், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் காக்பிட்டின் தரை தாழ்ந்து நிற்கும். படுத்தபடி முழங்காலை மடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கடலில் உறங்க ஏற்ற இடம் படகின் நடுப்பகுதி. அங்கே இருக்கைகள் நேராக, ஆள் நீளத்துக்கு இருக்கின்றனவா? படகு சாயும்போது உருண்டு விழாமல் தடுக்கும் துணித் தடுப்பைக் கட்ட வளையங்கள் உண்டா? வளைந்து வளைந்து ஓடும் அழகான சோபாவில் உட்கார்ந்து பேசலாம், இராக்காவலுக்கு முன் மூன்று மணிநேரம் தூங்க முடியாது. இரண்டு நேரான படுக்கைகள் உள்ள எளிய கூடத்தைத்தான் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து சமையலிடம். காற்று நன்றாக வீசும்போது படகு 15, 20 டிகிரி சாய்ந்தே ஓடும், சில நேரம் நாள் முழுக்க. அப்போது ஒரு கையில் பாத்திரம், மறு கையில் கரண்டி. உடலைப் பிடிக்க இடுப்பும் முதுகும்தான் மிச்சம். நின்று பாருங்கள். இடுப்பை முட்டுக்கொடுக்க இரு பக்கமும் விளிம்பு இருக்கிறதா? இதனால்தான் மூன்று பக்கமும் சூழ்ந்த சமையலிடத்தைப் பலரும் விரும்புகிறார்கள். கேபினின் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும் மேடையில் சாய்ந்துகொள்ள எதுவும் இராது. அடுப்பு இரு முனையிலும் அச்சில் தொங்கி, படகு சாயும்போது தான் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கையால் ஆட்டிவிட்டுப் பின்சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் ஒரு கெட்டிலில் தண்ணீர் வைத்து மறுபடி ஆட்டினால் எடை ஏறியபின் எப்படி நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எரிவாயுவில் சமரசமே வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நேரே அடிக்குழிக்கு இறங்கித் தேங்கும், ஒரு பொறி போதும். சிலிண்டர் கேபினோடு தொடர்பில்லாத தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வடிகுழாய் படகுக்கு வெளியே திறக்க வேண்டும். ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியைப் படியுங்கள்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். விற்பவர் வெளியே நிற்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். இத்தனை பணம் கொடுக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. முழங்கால் கதவில் இடிக்காமல், தோள் இரு சுவரிலும் தொட்டபடி இருந்தால் கடலில் அதுதான் வசதி. பிறகு கழிவுக் குழாயைச் சோதியுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயின்மேல் சுற்றி, ஆறும்வரை விட்டு, துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் குழாயின் சுவர் ஊறிப்போய்விட்டது என்று பொருள். எத்தனை முறை கேபினைக் கழுவினாலும் அந்த வாடை போகாது, குழாயையே மாற்ற வேண்டும். கழிப்பறைக் கோப்பை பல படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். அதனால் குழாய் ஒரு வளைவாக நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, உச்சியில் காற்று வால்வோடு இறங்க வேண்டும். அது இல்லாமலோ வால்வு உப்பேறி அடைத்தோ இருந்தால் கடல் நீர் தானாகவே உறிஞ்சப்பட்டுக் கோப்பை வழியாகப் படகுக்குள் வந்துவிடும். கழிவு சேமிக்கும் தொட்டி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பல துறைமுகங்களிலும் கரையோர நீரிலும் கழிவை நேரே கடலில் விடத் தடை உண்டு.

கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டிலிருந்து அணியம்வரை நடந்து பாருங்கள். ஒரு பிடியை விட்டதும் அடுத்த பிடி கைக்கு எட்ட வேண்டும். மேசை, அலமாரி எல்லாவற்றுக்கும் பொருள் உருளாதபடி விளிம்பு இருக்க வேண்டும். படிகளின் இரு ஓரமும் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தால், அதைச் செய்தவர் சாய்ந்த படகில் இறங்கிப் பழகியவர் என்று நம்பலாம்.

காற்றோட்டத்தையும் மறக்காதீர்கள். மழையிலும் அலையிலும் மேல்தளத்துக் கதவுகளை மூடிவிடுவோம். அப்போது கேபினுக்குள் எந்த வழியாகக் காற்று வரும்? டொரேட் பெட்டி என்ற ஏற்பாடு சில படகுகளில் இருக்கும். காற்று ஒரு குழல் வழியாகப் பெட்டிக்குள் புகுந்து, தடுப்பைத் தாண்டிக் கேபினுக்குள் இறங்கும். கூடவே வந்த தண்ணீர் பெட்டியிலேயே வடிந்துவிடும். ஓலின் ஸ்டீஃபன்ஸ் வடிவமைத்து 1930இல் நீரில் இறங்கிய ‘டொரேட்’ என்ற படகின் பெயர்தான் அதற்கு வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

இப்போது பலகைகளைத் தூக்குங்கள்

ஒரு டார்ச், ஒரு சிறிய கண்ணாடி, பஞ்சு, பிளாஸ்டிக் பிடியுள்ள திருப்புளி. இவை போதும்.

மெத்தைகளை எல்லாம் எடுத்து, அடியில் உள்ள மூடிகளைத் திறங்கள். ஜன்னல்களின் கீழ் மூலைகளில் தேநீர் நிறத்தில் கறை இறங்கியிருந்தால் அது பழைய ஒழுகல். எஃகுத் தகடுகள் மேல்தளத்தைத் துளைத்து உள்ளே வரும் இடங்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அலமாரி மறைத்தால் கழற்ற அனுமதி கேளுங்கள். துருவின் சிவப்புக் கோடு, கறுத்த மரம், மென்மை, இவற்றில் எது தென்பட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள். என் படகில் இந்த ஒரே இடத்தைத்தான் பார்க்காமல் விட்டேன்.

மேல்தளத்தில் திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று தெளிவாக ஒலிக்கும். இரண்டு பைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ ஊறிப்போன இடத்தில் ஒலி மந்தமாகிவிடும். நடக்கும்போது காலடியில் தளம் அமுங்கினால் பாதிப்பு முற்றிவிட்டது. திருகாணி அடித்து மேல்தளத்தில் தேக்குப் பலகை பதித்த படகுகளில் ஒவ்வொரு திருகாணித் துளையும் தண்ணீர் இறங்கும் வழி. பழைய படகில் அத்தகைய தளத்தை நான் தவிர்ப்பேன்.

அடிக்குழியில் தண்ணீர் நின்றால் பஞ்சால் ஒற்றி முழுக்கக் காயவைத்துவிட்டு, புறப்படும் முன் மறுபடி பாருங்கள். எங்கிருந்து ஈரம் ஊறுகிறது என்பது அப்போது தெரியும். கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துருவும், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விட்டங்களில் விரிசலும் இருக்கின்றனவா? படகு வேகமாகப் போய்த் தரைதட்டினால் கீலின் பின்முனை மேல்நோக்கி உடலை அழுத்தும். ஆகவே கீலின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள இடத்தை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். “தரைதட்டியதே இல்லை” என்று எழுதிக்கொடுத்த பதிலை அங்கே ஒப்பிடலாம்.

படகின் உடலைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு வால்வையும் எண்ணி, ஒவ்வொன்றையும் உங்கள் கையாலேயே மூடித் திறங்கள். இறுகிப்போயிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம். ஒடிந்தால் படகு மூழ்கும். குறித்துக்கொண்டு, படகைக் கரையேற்றும்போது பாருங்கள். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். வெண்கல வால்வுகள் நெடுநாள் தாங்கும். சாதாரணப் பித்தளை கடல் நீரில் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பு நிறமாகி, பிஸ்கட்போல உதிரும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு கணக்கு. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலிசெய்தால் அதன் ஆயுள் சரசரவென்று குறையும். 200 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் கைக்கு வருவது 100தான். குளிர்பெட்டி மட்டுமே நாளொன்றுக்கு 30 முதல் 60 வரை எடுத்துக்கொள்ளும்.

எஞ்சினும் கம்பிகளும்

போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பச் சிரமப்படுகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு; இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். கிளப்பியதும் பின்பக்கம் போய்ப் புகையையும், அதோடு கடல் நீர் விட்டுவிட்டு வெளியேறுவதையும் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது எஞ்சினுக்குச் சுமை அதிகம். வெண்புகை நெடுநேரம் நீடித்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பத்தாண்டாக அசையாமல் கிடந்த எஞ்சினைவிட ஒழுங்காக ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்ட எஞ்சின் மேல்.

பாய்மரக் கம்பிகளின்மேல் மெல்லிய காகிதக் கைக்குட்டையை வைத்து உருவுங்கள். இழை ஒன்று அறுந்திருந்தால் காகிதம் மாட்டிக் கிழியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பார்கள். ரசீது இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுடையது என்று விலையில் கழித்துப் பேசுங்கள்.

விலை, சர்வே, கடல் ஓட்டம்

சர்வேயும் (நிபுணர் ஒருவர் படகை முழுக்கச் சோதிப்பது) கடல் ஓட்டமும் (கடலில் ஓட்டிப் பார்ப்பது) திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் வைத்த பிறகே பணம் கொடுங்கள். சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டுகிறவர் வேண்டாம். படகைக் கரையேற்றும் செலவைப் பார்த்துப் பின்வாங்கவும் வேண்டாம், உடலின் அடிப்பகுதியை வேறெப்படியும் பார்க்க முடியாது. அங்கே சில கொப்புளங்கள் தென்பட்டால் பதற்றப்பட வேண்டாம். பைபர்கிளாஸில் நீர் ஊறி வரும் கொப்புளங்களால் படகு மூழ்குவது மிக அரிது, விலை பேசத்தான் அவை உதவும். சுக்கான் ஆடுவதும் கீல் இணைப்பில் விரிசலும் அப்படியல்ல. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கிவையுங்கள் என்பது என் ஆலோசனை. அது இல்லாமல் வாங்கியவர்களின் படகுகள் துறையிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடல் ஓட்டத்துக்குக் காற்று இருக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் மேலே நின்று பாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கால் மணி நேரம் கீழே போங்கள். படகு சாய்ந்திருக்கும்போதே தண்ணீர் கொதிக்கவைத்து ஒரு கோப்பையில் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கடல் நீர் பின்னோக்கி ஏறுகிறதா? எந்த அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது? தாழ்ந்த பக்கத்து இருக்கையில் படுத்து, சுவரில் காதை வையுங்கள். மரவேலை கொஞ்சம் முனகுவது இயல்பு. ஆனால் சாய்ந்த நிலையில் ஒரு கதவு சட்டத்தில் இறுகித் திறக்க மறுத்தால் உடலே முறுகுகிறது. சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

காகிதங்களில், விற்பவர்தான் உண்மையான உரிமையாளரா, படகின்மேல் கடன் நிலுவை உண்டா, வரி கட்டிய சான்று இருக்கிறதா என்ற மூன்றும் தெளிவாக வேண்டும். படகின் பின்முனையை மூடும் பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் பொறித்திருக்கும் அடையாள எண்ணை நீங்களே படித்துக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

சாவியை வாங்கும் நாளில் விற்பவரிடம் அரை நாள் கேளுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தச் சுவிட்ச் எதற்கு, எந்த பம்ப் எப்போது அடம்பிடிக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போகட்டும், நீங்கள் செல்பேசியில் பதிவுசெய்யுங்கள். அன்று மாலையே படகின் உடலில் உள்ள வால்வுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, படிக்கட்டுக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை அடைப்பான் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அதை முடித்த பிறகு முதல் இரவு அந்தப் படகில் தூங்குங்கள்.